எலுமிச்சை பட்டால் சவர்க்காரம் ஏன் திரிகிறது?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வீட்டில் செம்பனை எண்ணெய் 600 கிராம், தேங்காய் எண்ணெய் 400 கிராம், காஸ்டிக் சோடா 150 கிராம் என்ற கணக்கில் சவர்க்காரம் செய்து தெரிந்தவர்களுக்கு விற்கிறார். வாங்கியவர்களில் ஒருவருக்கு மார்புக்குக் கீழே அரிப்பு. "தோலின் பிஎச் 5.5 என்கிறார்கள், உங்கள் சவர்க்காரம் 9க்கு மேல் காட்டுகிறதே" என்று அவர் குறைப்பட்டாராம். (பிஎச் என்பது புளிப்பையும் காரத்தையும் காட்டும் எண்: 7 நடுநிலை, அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம்.) அடுத்த முறை இவர் 20 கிராம் சிட்ரிக் அமிலம் சேர்த்துப் பார்த்தார். பிஎச் இறங்கவில்லை, கட்டிதான் பிசுபிசுத்துப் போனது. முகம் கழுவிய பின் பூசிக்கொள்ள, கற்றாழைச் சாறும் பன்னீரும் சேர்த்துச் செய்த டோனரும் மூன்றாவது வாரத்தில் கலங்கிவிட்டது. சவர்க்காரத்தை எப்படி 5.5க்குக் கொண்டுவருவது, டோனருக்கு எந்த அளவு சரி என்று கேட்கிறார்.

சகோதரி, முதல் கேள்விக்கு நேரான பதில்: கொண்டுவர முடியாது. உங்கள் கைத்திறமையில் குறை ஒன்றும் இல்லை. கோலாலம்பூரில் ஒப்பனைப் பொருள் ஆலையில் 20 வருடத்துக்கு மேல் கலவை போடுகிறேன், என்னாலும் முடியாது. ஏன் என்பதை உங்கள் சமையலறையிலேயே பார்த்துவிடலாம். உங்கள் சவர்க்காரத்தைச் சீவி, ஒரு தேக்கரண்டி அளவு எடுத்து, வெந்நீரில் கரையுங்கள். கண்ணாடிக் குவளை நல்லது. நுரையோடு வழவழப்பாக இருக்கும். அதில் கஸ்தூரி எலுமிச்சை ஒன்றைப் பிழிந்து கலக்குங்கள். பால் திரிவதுபோலத் திரியும். நுரை அடங்கும். வெள்ளைத் துணுக்குகள் மேலே வந்து மிதக்கும். விரலால் தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு. அந்தத் துணுக்குகள்தாம் கொழுப்பு அமிலம். எண்ணெயையும் காஸ்டிக் சோடாவையும் சேர்த்து நீங்கள் உண்டாக்கிய சோடிய உப்புதான் சவர்க்காரம். அமிலம் பட்டதும் அந்த உப்பு உடைந்து, கொழுப்பு அமிலமாகத் திரும்பிவிடுகிறது. பிஎச் 8க்குப் பக்கத்தில் இறங்கும்போதே இது தொடங்கிவிடும். 5.5இல் சவர்க்காரம் என்ற பொருளே மிஞ்சாது.

உங்கள் 20 கிராம் சிட்ரிக் அமிலம் எங்கே போனது என்று கணக்கும் சொல்கிறேன். ஒரு கிராம் சிட்ரிக் அமிலம் 0.62 கிராம் காஸ்டிக் சோடாவைத் தின்றுவிடும். 20 கிராம் ஏறத்தாழ 12.5 கிராமைத் தின்றது. நீங்கள் போட்ட 150 கிராமில் எண்ணெயோடு சேர 137.5தான் மிச்சம். உங்கள் எண்ணெய் முழுவதும் சவர்க்காரமாக மாற 158 கிராம் வேண்டும். 150 போட்டபோது 5 விழுக்காடு எண்ணெய் மாறாமல் நின்றது, அது தோலுக்கு இதம். 137.5 ஆனதும் 13 விழுக்காடு நின்றுவிட்டது. பிசுபிசுப்பு அதனால்தான். அந்தக் கட்டிகளை நம் ஊர் வெக்கையில் வைத்திருந்தால் சீக்கிரமே மஞ்சள் புள்ளி விழுந்து, கெட்ட எண்ணெய் வாடை வரும். விற்க வேண்டாம், துணி துவைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

சவர்க்காரத்தின் இயல்பே 9க்கும் 10க்கும் இடையில்தான். நீங்கள் பயப்பட வேண்டியது 11, 12 என்று காட்டும்போது. அப்படிக் காட்டினால் எண்ணெயோடு சேராத காஸ்டிக் சோடா கட்டிக்குள் மிச்சம் இருக்கிறது என்று பொருள். அது தோலைச் சுட்டுவிடும். பிஎச் தாளை ஈரக் கட்டியின் மேல் ஒட்டிப் பார்ப்பது சரியாக வராது. ஒரு கிராம் சீவலை 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, ஆறிய பிறகு தாளைத் தோயுங்கள்.

இனி அந்த வாடிக்கையாளர் சொன்ன 5.5. தோலின் மேற்பரப்பு புளிப்புத்தன்மை உள்ளது என்பது பழைய செய்தி. 1928இல் ஷாடே, மார்க்கியோனினி என்ற இரண்டு ஜெர்மன் ஆய்வாளர்கள் அதற்கு 'அமிலப் போர்வை' என்றே பெயர் வைத்தார்கள். 5.5 என்ற எண் பிற்பாடு விளம்பரங்களின் வழியாக நம் எல்லோர் மனத்திலும் உட்கார்ந்துவிட்டது. 2006இல் வந்த ஓர் ஆய்வில், ஒரு நாள் முழுக்க எதையும் பூசாமல், கழுவாமல் விட்ட முன்கைத் தோலை அளந்தார்கள், சராசரி 4.7 வந்தது. 5.5 என்பது கழுவித் துடைத்துப் பூசிக்கொண்டே இருக்கும் தோலின் எண் என்று எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2009இல் வெளியான ஆய்வு ஒன்று, கருநிறத் தோலின் மேற்பரப்பு வெளிர்நிறத் தோலைவிடக் கூடுதல் அமிலத்தன்மை உள்ளது என்றும், அதனால் அதன் தடுப்புச் சுவரும் வலுவானது என்றும் காட்டியது. நம் பிள்ளைகள் வெளுக்கும் கிரீமுக்குப் பணத்தைக் கொட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் இதை உரக்கச் சொல்ல வேண்டும்போல் இருக்கும்.

இந்தப் புளிப்பை வெளியிலிருந்து யாரும் தருவதில்லை. தோலே செய்துகொள்கிறது. மேலடுக்கில் ஃபிலாக்ரின் என்ற புரதம் இருக்கிறது. அது உடைந்து அமினோ அமிலங்களாகி, அவற்றிலிருந்து வேறு சில அமிலங்களும் பிறக்கின்றன. அவைதாம் தோலில் ஈரத்தைப் பிடித்து வைப்பவையும். தோலின் கொழுப்பு உடைந்து கொழுப்பு அமிலங்கள் வருகின்றன. வியர்வையிலிருந்து லாக்டிக் அமிலம் வருகிறது. செல்களும் தம் பங்குக்கு அமிலத்தை வெளியே தள்ளுகின்றன. பிறந்த குழந்தையின் தோல் கிட்டத்தட்ட நடுநிலையில்தான் இருக்கும். நாள்கள், வாரங்கள் போகப் போகத்தான் புளிப்பு ஏறும். கைக்குழந்தைக்குச் சவர்க்காரம் வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

எதற்காகத் தோல் இவ்வளவு பாடுபடுகிறது? மேலடுக்கைச் செங்கல் சுவர் என்று வைத்துக்கொண்டால், செத்த செல்கள் செங்கல், அவற்றுக்கு இடையே உள்ள கொழுப்பு காரை. அந்தக் காரையில் முக்கியமானது செராமைடு. செராமைடைத் தயாரிக்கும் நொதிகள் 5ஐ ஒட்டிய பிஎச்சில்தான் நன்றாக வேலை செய்யும். இன்னொரு வகை நொதிகள் இருக்கின்றன. செங்கலோடு செங்கல் பிடித்திருக்கும் பிடியை வெட்டி, பழைய செல்களை உதிர்ப்பது அவற்றின் வேலை. பிஎச் 7ஐ நோக்கி ஏறினால் வெட்டுகிற கை வேகமெடுக்கிறது, பூசுகிற கை தளர்கிறது. சுவர் இளகி, ஈரம் வெளியே போகிறது. குளித்துவிட்டு வந்ததும் கன்னம் இழுப்பதும், கணுக்காலில் வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு எழுவதும் இதன் வெளிப்பாடுதான். புண்ணில் சீழ் வைக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமிக்கும் நடுநிலைதான் பிடித்த இடம்.

9.5க்கும் 4.7க்கும் வித்தியாசம் ஐந்து படிகூட இல்லையே என்று தோன்றலாம். பிஎச்சில் ஒரு படி என்றால் பத்து மடங்கு. 4.8 படி என்றால் ஏறத்தாழ 60,000 மடங்கு. ஆனாலும் நல்ல தோல் இதைத் தாங்கிக்கொண்டு சில மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். 2006இல் அந்த 4.7ஐச் சொன்ன ஆய்வுதான் இதையும் சொன்னது: வெறும் குழாய்த் தண்ணீர்கூடத் தோலின் பிஎச்சை ஏற்றிவிடுகிறது, இறங்க ஆறு மணி நேரம்வரை ஆகலாம். நாம் இந்த வெயிலில் காலையில் ஒன்று, வேலை முடிந்து வந்து ஒன்று, படுக்கப் போகுமுன் ஒன்று என்று குளிப்பவர்கள். மூன்று முறையும் தலை முதல் கால்வரை சவர்க்காரம் தேய்த்தால், தோல் தன் இடத்துக்குத் திரும்ப நேரமே கிடைப்பதில்லை. ஒருமுறை போதும். மற்ற வேளைகளில் அக்குள், இடுப்பு மடிப்பு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் போட்டு, மற்றதைத் தண்ணீரில் அலசிவிடலாம். உங்களிடம் வாங்குகிறவர்களுக்கு இதைச் சொன்னால் விற்பனை கொஞ்சம் குறையும், அவர்கள் தோல் நன்றாக இருக்கும்.

கடையில் 'பிஎச் சமநிலை' என்று அச்சடித்து விற்கும் கட்டிகளைப் பற்றியும் கேட்பார்கள். அந்தச் சொல்லுக்கு நிலையான அளவு கிடையாது. உண்மையைத் தெரிந்துகொள்ள மஞ்சள் போதும். ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு போட்டதும் சிவக்கிறதே, வேட்டியில் பட்ட சாம்பார்க் கறையில் சவர்க்காரம் போட்டதும் செங்காவியாக மாறுகிறதே, அதே வேதியியல்தான். பிஎச் ஏறத்தாழ 8ஐத் தாண்டினால் மஞ்சளில் உள்ள குர்குமின் சிவப்பாகிவிடும். அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூளைக் கொஞ்சம் ஸ்பிரிட்டில் கரைத்து, காப்பி வடிகட்டும் வெள்ளைத் தாளில் நனைத்துக் காயவைத்து, கீற்றாக வெட்டிக்கொள்ளுங்கள். கட்டியை ஈரமாக்கி அதன் மேல் தேயுங்கள். சிவந்தால் அது சவர்க்காரம், உறையில் எதை எழுதியிருந்தாலும் சரி. மஞ்சளாகவே நின்றால் அது சவர்க்காரம் அல்லாத கழுவும் கட்டி. ஆலையில் நாங்கள் 'சின்டெட்' என்போம். பெரும்பாலும் சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் என்ற பொருள் அதில் இருக்கும். அதுவும் தேங்காய் எண்ணெயிலிருந்தோ செம்பனை விதை எண்ணெயிலிருந்தோ வருவதுதான். ஆனால் 5.5க்கு இறக்கினாலும் திரியாது. என் அம்மா ஊறவைத்து வடித்த சீயக்காய்த் தண்ணீரில் இந்தத் தாளைத் தோய்த்துப் பார்த்தேன், மஞ்சளாகவே இருந்தது. சீயக்காய் இயல்பிலேயே சற்றுப் புளிப்பானது.

ஆகவே 5.5இல் கட்டி வேண்டுமென்றால் சின்டெட்தான் வழி. அதன் தூள் மூக்கையும் தொண்டையையும் கரிக்கும், முகக்கவசம் இல்லாமல் தொடக்கூடாது. உருக்கிச் சேர்ப்பதும் எளிதில்லை. இப்போதைக்கு உங்கள் பழைய கலவையையே 5 விழுக்காடு எண்ணெய் மாறாமல் நிற்கும்படி ஒழுங்காகச் செய்து, 'கைக்கும் உடம்புக்கும், முகத்துக்கு வேண்டாம்' என்று உறையில் எழுதி விற்பது நேர்மையான வழி என்பேன்.

அடுத்தது டோனர். எனக்கு இதில்தான் கவலை அதிகம், ஏனென்றால் கலங்கியது என்றால் கிருமி வளர்ந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கெடாமல் இருக்க நீங்கள் சோடியம் பென்சோயேட் 0.3 விழுக்காடு போட்டதாகவும், தாளில் பிஎச் 6.5 காட்டியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அந்த 6.5இல்தான். சோடியம் பென்சோயேட் அப்படியே நின்றால் கிருமியை ஒன்றும் செய்யாது. நீரில் அதில் ஒரு பகுதி பென்சோயிக் அமிலமாக மாறினால், அந்தப் பகுதி மட்டும்தான் கிருமியின் தோலைத் துளைத்து உள்ளே போகும். எவ்வளவு மாறும் என்பதைப் பிஎச் தீர்மானிக்கிறது. 4.2இல் பாதி மாறியிருக்கும். 4.7இல் கால்வாசி. 5.2இல் 9 விழுக்காடு. 6.5இல் அரை விழுக்காடு. நீங்கள் போட்ட மருந்தில் இருநூறில் ஒரு பங்குதான் வேலை செய்திருக்கிறது. கற்றாழைச் சாறோ கிருமிக்கு விருந்து.

இந்த டோனரை 4.5க்கும் 4.8க்கும் இடையில் வையுங்கள். தோலுக்கும் அதுதான் சொந்த அளவு, மருந்துக்கும் அதுதான் வேலை செய்யும் இடம். சோடியம் பென்சோயேட்டை 0.5 ஆக்கி, பொட்டாசியம் சோர்பேட் 0.2 சேருங்கள், 4.7இல் சோர்பேட்டில் பாதிக்கு மேல் அமிலமாக மாறியிருக்கும், பூஞ்சைக்கு அது நல்ல எதிரி. தோலில் விட்டுவிடும் பொருள்களில் பென்சோயிக் அமிலம் 0.5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது ஆசியான் விதி. சோடிய உப்பாக 0.5 போட்டால் நீங்கள் வரம்புக்குள்தான் இருப்பீர்கள்.

இறக்குவது எப்படி என்றால், சிட்ரிக் அமிலத் தூளை நேராகக் கொட்டாதீர்கள். 10 கிராமை 90 கிராம் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, எல்லாப் பொருளும் சேர்ந்த பிறகு, கடைசியில், சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி அளக்க வேண்டும். பென்சோயேட், சோர்பேட் இரண்டுமே பிஎச்சைக் கொஞ்சம் ஏற்றுபவை, அதனால்தான் கடைசியில். முன்கூட்டியே கால் விழுக்காடு சோடியம் சிட்ரேட்டும் போட்டிருங்கள். அதற்கான காரணத்தை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், குதிகால் வெடிப்புக்கு 10 விழுக்காடு யூரியா கிரீம் ஒன்று போட்டேன். 5.2 என்று அளந்து, கையெழுத்திட்டு அனுப்பினேன். மூன்று மாதம் கழித்துக் கடைகளிலிருந்து பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. ஒரு டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறியது அம்மோனியா. கழுவாத கழிப்பறை வாடை. அளந்தால் 8க்குப் பக்கம். யூரியா சூட்டில் மெல்ல மெல்ல உடைந்து அம்மோனியா விடும், அது பிஎச்சை ஏற்றும், ஏறின பிஎச் கிரீமின் கட்டமைப்பையே குலைத்தது. வெயிலில் நின்ற லாரியும் கிடங்கும் அந்த வேலையைத் துரிதப்படுத்தின. முதல் நாள் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நான் கையெழுத்திட்டது தவறு. மறுபடி செய்தபோது லாக்டிக் அமிலத்தோடு சோடியம் லாக்டேட்டும் சேர்த்தேன். அமிலமும் அதன் உப்பும் சேர்ந்து நின்றால், காரம் வந்தாலும் அமிலம் வந்தாலும் வாங்கிக்கொண்டு பிஎச்சை அசையவிடாது. இதைத்தான் பஃபர் என்கிறோம். உங்கள் டோனரில் சிட்ரிக் அமிலமும் சிட்ரேட்டும் அந்தக் காவலைச் செய்யும்.

அளப்பதற்கு 1 முதல் 14வரை காட்டும் தாள் போதாது, 4.5ஐயும் 5.5ஐயும் அதில் பிரித்தறிய முடியாது. சங்குப்பூவும் இங்கே கைகொடுக்காது. நாசி கெராபுக்கும் பலகாரத்துக்கும் நீலம் தரும் அதே பூதான். 4க்குக் கீழே போனால் ஊதாவாகும், 8க்கு மேல் பச்சையாகும், நமக்கு வேண்டிய இடைவெளியில் நீலமாகவே நின்றுவிடும். ஒரு சின்ன மின்னளவுக் கருவி வாங்கிக்கொள்ளுங்கள். 4.01, 7.00 என்ற இரண்டு அளவுக் கரைசலில் ஒவ்வொரு முறையும் சரிபார்த்த பிறகே டோனரில் வைக்க வேண்டும். அதன் முனையைக் காயவிடக்கூடாது, தண்ணீரிலும் போட்டு வைக்கக்கூடாது. பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டும். எண்ணெய் மட்டும் உள்ள பொருளுக்குப் பிஎச் என்று ஒன்றில்லை, எனவே உங்கள் நல்லெண்ணெய் மசாஜ் எண்ணெயை அளக்க முயலாதீர்கள்.

எல்லாப் பொருளும் 4.7இல் இருக்க வேண்டுமா என்றால், இல்லை. வைட்டமின் சி சீரத்தில் அஸ்கார்பிக் அமிலம் தோலுக்குள் இறங்க 3.5க்குக் கீழே வேண்டும். கிளைகாலிக் அமிலமும் 3.8இல்தான் பாதியளவு செயல்படும் வடிவில் நிற்கும். 5இல் 6 விழுக்காடுதான். அவ்வளவு கீழே போகிற பொருள்கள் எரிக்கும், அளவு தெரிந்தவர்கள் போட வேண்டியவை, வீட்டில் வேண்டாம். அதைவிட முக்கியமாக, எலுமிச்சையை நேராக முகத்தில் தேய்க்கச் சொல்லும் காணொளிகளை நம்ப வேண்டாம். அதன் பிஎச் 2ஐ ஒட்டியது. தோலில் அந்தச் சாறு இருக்கும்போது வெயில் பட்டால், அதிலுள்ள ஃபியூரனோகூமரின் என்ற பொருளால் கொப்புளம் எழும்பி, மாதக்கணக்கில் கருந்தழும்பு நிற்கும். சமையல் சோடா அதற்கு எதிர்ப்பக்கம், 8க்கு மேல்.

விற்பனை பற்றியும் ஒரு வார்த்தை. மலேசியாவில் குளியல் சவர்க்காரமும் டோனரும் ஒப்பனைப் பொருள்கள்தாம். விற்கும் முன் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவான என்.பி.ஆர்.ஏ.யிடம் அறிவித்து, என்.ஓ.டி. (NOT) என்று தொடங்கும் எண் பெற வேண்டும். தெரிந்தவர்களுக்கு மட்டும் விற்றாலும் விதி அதுதான். வீட்டுச் சமையலறையில் செய்ததற்கு அந்த எண் கிடைப்பது கடினம். சிறிய அளவில் செய்து தரும் ஆலைகள் பிறையிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் இருக்கின்றன. டோனருக்கு, கிருமியை வேண்டுமென்றே உள்ளே விட்டு 28 நாள் எண்ணிப் பார்க்கும் சோதனையையும் அவர்களிடம் கேளுங்கள். அதில் தேறும்வரை யாருக்கும் தர வேண்டாம். கலங்கிய புட்டிகளை வாங்கியவர்களிடமிருந்து இன்றே திரும்பப் பெற்றுவிடுங்கள்.

அரிப்பு வந்த அந்த வாடிக்கையாளரிடம் மட்டும் நேரில் பேசுங்கள். மார்புக்குக் கீழே, அக்குளில், தொடை இடுக்கில் தோல் தோலோடு ஒட்டி, வியர்வை காயாமல் நிற்கும். பிஎச் அங்கே இயல்பாகவே ஏறியிருக்கும், நீரிழிவு இருந்தால் இன்னும் கூட. பூஞ்சைக்கு அது வசதி. சிவந்து, ஓரம் ஓரமாகப் பரவியிருந்தால் கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கள், சர்க்கரையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதுவரை அந்த மடிப்பில் சவர்க்காரம் வேண்டாம். தண்ணீரில் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி, ஈரம் போகக் காயவிட்ட பிறகே ஆடை உடுத்தட்டும்.

புதிய டோனரில் ஒரு புட்டியை அறையிலும் ஒன்றைக் காரிலும் வைத்து, முதல் நாள், 30ஆம் நாள், 90ஆம் நாள் பிஎச்சை எழுதி அனுப்புங்கள். 0.3க்கு மேல் நகர்ந்திருந்தால் சிட்ரேட் அளவைத் திருத்தித் தருகிறேன்.